அடுத்த வீட்டுக்காரர் என்ன செய்தார்?

சித்திரை பிறந்துவிட்டால் நம் தெருவில் மாலைதோறும் ஒரு காட்சியைக் காணலாம். வீட்டுக்கு வீடு மொட்டை மாடியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்றிய தண்ணீர் சிறிது நேரத்தில் ஆவியாகிப் போய்விடும். பகல் முழுதும் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம், கதிரவன் மறைந்த பின்னும் நள்ளிரவு வரை அவ்வெப்பத்தைக் கீழே உள்ள அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். மின்விசிறி சுழலும், வீசுவதோ அனல். குழந்தைகள் உறக்கமின்றிப் புரள்வார்கள். முதியோர் ஈரத் துண்டை மார்பின்மேல் போட்டுக்கொண்டு விடியலை எதிர்நோக்கிக் கிடப்பார்கள்.

இத்துன்பத்தின் பெரும்பகுதியைத் தவிர்க்க வழியுண்டு என்பது புதிய செய்தியன்று. தளத்தின் மேற்புறத்தில் வெள்ளைப் பூச்சு அடித்துவிட்டால் அது வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அறையின் வெப்பம் இரண்டு முதல் ஐந்து பாகை வரை குறையும். சுண்ணாம்பில் பசை கலந்து அடித்தாலும் போதும். மழைக்காலம் கழிந்தபின் மறுபடியும் அடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவே. கடையில் கிடைக்கும் பூச்சு இன்னும் சில ஆண்டுகள் தாங்கும், விலைதான் கூடுதல்.

இதெல்லாம் நமக்குத் தெரியும். ஏறக்குறைய எட்டு ஆண்டுகளாகவே தெரியும். இது குறித்து நாளிதழில் வந்த கட்டுரையைக் கத்தரித்து அலமாரியில் வைத்திருந்தோம். தளத்தின் நீள அகலத்தை அளந்து, செலவையும் கணக்கிட்டிருந்தோம். ஆனால் கோடைதோறும் அந்தத் தாளை எடுத்துப் பார்ப்பதும், மறுபடி வைப்பதுமாகவே காலம் கழிந்தது.

பின்னர் ஒரு மே மாதம் நம் இல்லத்தரசியார் திருச்சியில் உள்ள தம் தங்கை வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தார். பையைக் கீழே வைக்கும் முன்னரே, “அவள் வீட்டில் மதியம் தரையில் படுத்தால் முதுகு வேர்க்கவில்லை. மாடிக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள். நாமும் அடிக்க வேண்டும்” என்றார். மறுவாரம் மேஸ்திரியை அழைத்தோம். எட்டு ஆண்டு கத்தரிப்புத் தாள் செய்யாததைத் தங்கையின் வீட்டுத் தரை இரண்டே நாளில் செய்துவிட்டது.

மேஸ்திரி ஒரு தடை சொன்னார். “சார், மொட்டை மாடிக்கு யாராவது வெள்ளையடிப்பார்களா? பார்க்கிறவர்கள் என்னைத்தானே கேட்பார்கள்?” என்றார். நாற்பது ஆண்டு அனுபவம் உள்ளவர். பூச்சில் அவருக்கு ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை; ஊரார் வாய்க்குத்தான் அஞ்சினார். அந்த அச்சத்தை எண்ணிச் சிரித்தோம். நாமும் எட்டு ஆண்டுகள் அதே அச்சத்தில்தான் இருந்தோம் என்பது பிறகுதான் உறைத்தது.

வீட்டைப் பற்றிய முடிவுகளைப் பணத்தையும் பயனையும் எடை போட்டே எடுப்பதாக ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் நம்மை அசைப்பது எது? இவ்வினாவை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உளநூல் அறிஞர் சிலர் முறையாக ஆராய்ந்து, முடிவுகளை 2008-இல் வெளியிட்டனர். முதலில் 810 பேரிடம், மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிட உங்களைத் தூண்டுவது எது என்று கேட்டார்கள். சுற்றுச்சூழலைக் காப்பது, சமுதாயத்திற்கு நன்மை, பணம் மிச்சம் ஆகியவற்றை முன்னே சொன்னவர்கள், பிறர் செய்வதால் நாமும் செய்கிறோம் என்பதைக் கடைசியில் வைத்தார்கள். ஆயின் அவர்களுடைய பழக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, பிறர் எவ்வளவு செய்கிறார்கள் என்று ஒருவர் நம்புகிறாரோ, அதுவே அவருடைய நடத்தையோடு மிக நெருங்கிப் பொருந்தியது.

அடுத்து, சான் மார்க்கோஸ் என்னும் ஊரில் வீட்டுக் கதவுகளின் கைப்பிடியில் அட்டைகளை மாட்டினார்கள். கோடையில் குளிர்சாதனக் கருவிக்குப் பதிலாக மின்விசிறியைப் பயன்படுத்துங்கள் என்பதே செய்தி. சில வீடுகளுக்குப் பணம் மிச்சமாகும் என்றும், சிலவற்றுக்குச் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்றும், வேறு சிலவற்றுக்கு வருங்காலத் தலைமுறைக்கு நன்மை என்றும் எழுதினார்கள். இன்னும் சில வீடுகளுக்கு, உங்கள் ஊராரில் பெரும்பாலோர் ஏற்கெனவே இவ்வாறுதான் செய்கிறார்கள் என்று மட்டும் எழுதினார்கள். பிறகு மின்அளவிகளைப் படித்தபோது கடைசி அட்டை பெற்ற வீடுகளிலேயே மின்சாரம் மிகுதியாகக் குறைந்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், அவ்வீட்டாரைக் கேட்டபோது, அந்த அட்டை எங்களைப் பெரிதாகத் தூண்டவில்லை என்றுதான் சொன்னார்கள். நம்மிடம் கேட்டிருந்தால் நாமும் அப்படித்தான் சொல்லியிருப்போம்.

மின்விசிறியைச் சுழலவிடுவது எளிது. ஆள் வைத்து, புழுதி கிளப்பி, வீட்டையே திருத்தியமைப்பது வேறு. அங்கும் அடுத்த வீட்டின் செல்வாக்கு நிற்குமா? இதற்கு விடை தேடுவோர் ஹூட் ரிவர் கதையை அறிய வேண்டும். அங்கே மக்களை வாட்டுவது வெயிலன்று, குளிர். ஆயினும் கதை நமக்கும் உரியதே.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில், பேரிக்காய்த் தோட்டங்களும் ஆப்பிள் தோட்டங்களும் நிறைந்த சிறிய மாவட்டம் ஹூட் ரிவர். குளிர்காலத்தில் மின்சாரத்தால் வீட்டைச் சூடாக்கிக்கொள்ளும் குடும்பங்கள் அங்கு ஏராளம். 1980-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அந்தப் பகுதி முழுதும் மின்சாரச் சிக்கலில் தவித்தது. கட்டத் தொடங்கிய அணுமின் நிலையங்கள் சில பாதியில் கைவிடப்பட்டன. அவற்றுக்காகக் கடன்பத்திரம் வெளியிட்ட அமைப்பு 1983-இல் 225 கோடி டாலரைத் திருப்பித் தர இயலாமல் கைவிரித்தது. புதிய மின்நிலையம் கட்டுவதற்குப் பதிலாக, உள்ள வீடுகளைச் செப்பனிட்டு மின்சாரத்தை மிச்சப்படுத்தினால் என்ன என்ற எண்ணம் அப்போதுதான் வலுப்பெற்றது. அது நடக்கக்கூடியதா என்று அறிய ஒரு மாவட்டத்தையே சோதனைக்களமாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

கூட்டரசின் மின்சக்தி நிர்வாகம் 2 கோடி டாலர் அளித்தது. பசிபிக் பவர் என்னும் மின்நிறுவனம் வேலையை நடத்தியது. மின்சாரத்தால் சூடாக்கப்படும் வீடு ஒவ்வொன்றுக்கும், கூரையடியிலும் சுவரிலும் தரையடியிலும் வெப்பம் வெளியேறாதபடி இழைப்பஞ்சு அடைத்தல், சன்னலுக்கு இரண்டாவது கண்ணாடி, கதவிடுக்குகளை மூடுதல், வெந்நீர்த் தொட்டிக்குப் போர்வை எனப் பல வேலைகளை ஏறக்குறைய இலவசமாகவே செய்துதருவதென்று ஏற்பாடு. தகுதியுள்ள வீடுகள் சுமார் 3,500. மூன்று ஆண்டுகளுக்குள் அவற்றில் நூற்றுக்கு 90-க்கும் மேற்பட்டவற்றில் ஆய்வு முடிந்தது. நூற்றுக்கு 85 வீடுகளில் வேலையும் முடிந்தது. அதற்கு முன்னர் எந்தத் திட்டமும் இந்த அளவை நெருங்கியதாகத் தெரியவில்லை.

‘இலவசமென்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?’ என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். நாமும் அப்படித்தான் எண்ணினோம். ஆனால் அதே நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் பல ஆண்டுகளுக்குப் பின் நடந்ததைக் கேளுங்கள். குறைந்த வருவாயுள்ள குடும்பங்களுக்கு, வீடொன்றுக்குச் சராசரியாக 5,000 டாலர் அளவுக்கு இத்தகைய வேலைகளை முற்றிலும் இலவசமாகச் செய்துதரும் அரசுத் திட்டம் உண்டு. பொருளியல் அறிஞர் மூவர் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஆள் அனுப்பி, தொலைபேசியில் திரும்பத் திரும்ப அழைத்து, விண்ணப்பத்தை நிரப்பவும் உதவி செய்தார்கள். அவ்வளவு முயன்றும் நூற்றுக்கு ஆறு குடும்பங்கள்கூடத் தேறவில்லை. இம்முடிவு 2015-இல் வெளிவந்தது.

ஓரிடத்தில் நூற்றுக்கு 85, மற்றோரிடத்தில் ஆறுக்கும் குறைவு! மிச்சிகனில் விண்ணப்பமும் சான்றுகளும் நீளமானவை என்பது உண்மை; நியாயமாக அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் இன்னொரு வேறுபாடு நம் கண்ணில் படுகிறது. மிச்சிகனில் கதவைத் தட்டியவர் கூலிக்கு அமர்த்தப்பட்ட அந்நியர். முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் நின்று, உங்கள் வீட்டை இலவசமாகச் செப்பனிட்டுத் தருகிறோம் என்றால் நமக்கு முதலில் தோன்றுவது என்ன? இதில் ஏதோ சூது இருக்கிறது என்பதன்றோ?

ஹூட் ரிவரில் உள்ளூர்ப் பெரியவர்கள் அடங்கிய ஆலோசனைக் குழு ஒன்றை முதலிலேயே அமைத்தார்கள். மாவட்டத்தின் மக்கள்தொகையே பதினைந்தாயிரம் அளவில்தான். ஒருவரை ஒருவர் அறிந்த ஊர். முதலில் வேலை செய்துகொண்ட குடும்பத்தார் கடைவீதியில் சொன்னார்கள், உறவினரிடம் சொன்னார்கள். விளம்பரத்துக்குப் பெரிய தேவையே ஏற்படவில்லை. செய்தி வாய்வழியாகவே மாவட்டம் முழுதும் பரவியது. எதிர் வீட்டுக் கூரைக்குள் ஆட்கள் பஞ்சுப் பொதிகளை ஏற்றுவதைக் கண்டபின், நம் வீடு மட்டும் விடுபட்டால் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணமும் சேர்ந்திருக்கும். அது ஆய்வறிக்கையின் கூற்றன்று, நம் ஊகம்.

மிச்சமான மின்சாரம் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்பதையும் மறைக்கலாகாது. சராசரியாக வீட்டுக்கு நூற்றுக்கு 15 அளவே குறைந்தது. திட்டமிட்டவர்கள் அதைவிட மிகுதியாக எதிர்பார்த்திருந்தார்கள். மின்கட்டணம் உயர்ந்திருந்ததால் பலர் முன்பே மின்சாரத்தைக் குறைத்து விறகடுப்பை நாடியிருந்தார்கள். குறைப்பதற்கு மீதம் இருந்ததே கொஞ்சம். வீடுகளின் கணக்கு தாளில் போட்ட கணக்கோடு ஒத்துப்போகவில்லை. வீடு வைத்திருக்கும் எவருக்கும் இது வியப்பளிக்காது.

சொல்லும் ஆளைப் போலவே சொல்லும் விதமும் முக்கியம். அமெரிக்காவில் மின்நிறுவனத்தார் வீட்டுக்கு வந்து ஆய்வு செய்து, எந்தெந்த இடுக்குகளை அடைக்க வேண்டும் என்று பட்டியல் தருவது வழக்கம். பெரும்பாலோர் அப்பட்டியலை வாங்கி மேசையறைக்குள் போட்டுவிடுவார்கள். நாம் கத்தரிப்புத் தாளை வைத்தது போல! கலிபோர்னியாவில் ஆய்வாளர் சிலருக்குப் பேசும் முறையில் பயிற்சி அளித்துப் பார்த்தார்கள். 1988-இல் அதன் முடிவு வெளிவந்தது. ‘கதவின்கீழ் சிறு இடைவெளி இருக்கிறது’ என்று சொல்லாமல், ‘உங்கள் வீட்டு இடுக்குகளையெல்லாம் சேர்த்தால் சுவரில் பந்து அளவுக்கு ஓட்டை போட்டதற்குச் சமம், அப்படி ஓர் ஓட்டை இருந்தால் அடைக்காமல் இருப்பீர்களா?’ என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். வீட்டுக்காரரையும் உடன் அழைத்துச் சென்று அளக்கச் செய்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் சென்ற வீடுகளில் வேலையை மேற்கொண்டவர்கள் பெரிதும் மிகுந்தனர். எண்களை மறந்துவிடுகிறோம், சுவரில் ஓட்டையை மறப்பதில்லை.

இனி நம் பக்கம் திரும்புவோம். வீட்டில் செய்யும் திருத்தங்கள் சில தெருவில் போவோர் கண்ணில் படும், சில படா. கூரைமேல் பொருத்தும் சோலார் தகடு எல்லார் கண்ணிலும் படுகிறது. கலிபோர்னியாவில் ஓர் அஞ்சல் வட்டாரத்தில் ஒரு வீட்டில் தகடு ஏறினால், அதே வட்டாரத்தில் மற்றொரு வீட்டில் ஏறும் வாய்ப்பும் உயர்கிறது என்று 2012-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கனெக்டிகட் மாநிலத்தில் அளந்தபோது, அரை மைலுக்குள் உள்ள வீடுகளில் இவ்விளைவு மிகுந்தும், தொலைவு கூடக் கூட மங்கியும் போவது தெரிந்தது. நம் நாட்டிலும் ஒரு தெருவில் மூன்று நான்கு வீடுகளில் தகடு இருப்பதையும், பக்கத்துத் தெருவில் ஒன்றுகூட இல்லாததையும் காண்கிறோம்.

கண்ணில் படாதவையோ அடுத்த வீட்டுக்குத் தாவுவதில்லை. பழைய மின்விசிறி 75 வாட் அளவுக்கு இழுக்கும்; இப்போது வரும் சிக்கன விசிறி 30 வாட் அளவே இழுக்கிறது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால், இரு மாதக் கணக்கில் ஒரு விசிறிக்கு ஏறக்குறைய 32 யூனிட் மிச்சம். நம் வீட்டில் நான்கு விசிறிகளையும் மாற்றி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வந்துபோகும் உறவினர் ஒருவராவது கேட்டதில்லை. ஆனால் சன்னலுக்கு வெளியே ஒரு குளிர்சாதனக் கருவி தொங்கினால் தெருவே அறிந்துகொள்கிறது. வேண்டாத வழக்கமும் நல்ல வழக்கம் போலவே தொற்றிக்கொள்ளும். பெண் கொடுத்த வீட்டில் இருக்கிறது, நம் வீட்டில் இல்லையென்றால் மாப்பிள்ளை வரும்போது என்ன நினைப்பார் என்ற கேள்விக்குக் கடன் வாங்கிப் பதில் சொன்ன குடும்பங்களை நாம் அறிவோம்.

ஊர்ப் பேச்சுக்கு இன்னொரு முகமும் உண்டு. நமக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் தகடு பொருத்திய ஆட்கள் தளத்தில் போட்ட துளைகளைச் சரியாக அடைக்கவில்லை. ஐப்பசி மழையில் கூடத்தில் ஒழுகியது. அந்த ஒழுகலின் செய்தி எவ்வளவு விரைவில் பரவியது என்கிறீர்கள்! ‘சோலார் போட்டால் வீடு ஒழுகும்’ என்பது அவ்வட்டாரத்தில் ஒரு வாக்காகவே நிலைத்துவிட்டது. 2024-இல் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் மூன்று கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம். அந்த மானியத்தை ஒரு கூடத்து ஒழுகல் அத்தெருவில் செல்லாக் காசாக்கிவிட்டது.

சட்டத்தால் கட்டாயப்படுத்தலாமே என்பார் உளர். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது நினைவிருக்கும். அதனால் விளைந்த நன்மை பெரிது. எனினும், மேற்பார்வையாளர் கண்ணுக்குக் குழாயை மட்டும் சுவரில் இறக்கி, கீழே குழி தோண்டாமல் விட்ட வீடுகளும் இருந்தன. சட்டம் குழாயைப் பொருத்த வைக்கும். குழியைத் தோண்ட வைக்க வேறொன்று வேண்டும்.

அந்த வேறொன்று எது என்பதற்குக் கனெக்டிகட் மாநிலத்திலிருந்தே மற்றொரு சான்று கிடைக்கிறது. அங்கு 58 ஊர்களில் சோலார் தகடுகளைப் பரப்புவதற்காக உள்ளூர்த் தொண்டர்களை அமர்த்தினார்கள். எல்லாரும் ஊருக்கு நல்லவர்கள். ஏறக்குறைய ஒரே செய்தியைச் சொன்னவர்கள். ஆனால் அத்திட்டத்தின் வழியாகத் தம் வீட்டிலும் தகடு பொருத்திக்கொண்ட தொண்டர்கள், பொருத்தாதவர்களைக் காட்டிலும் நூற்றுக்கு 60-க்கும் மேல் கூடுதலான வீடுகளைச் சேர்த்தார்கள் என்று 2018-இல் கணக்கு வெளிவந்தது. தாம் செய்யாததைப் பிறருக்குச் சொல்பவரை மக்கள் உடனே இனங்கண்டுகொள்கிறார்கள். எட்டு ஆண்டுகளாக வெள்ளைப் பூச்சின் பெருமையை நண்பர்களிடம் நாம் விளக்கியபோதெல்லாம் அவர்கள் ஏன் தலையாட்டிவிட்டுப் போனார்கள் என்பது இப்போது விளங்குகிறது.

நம் மாடியின் கதையில் ஒரு சிறு தவறும் நேர்ந்தது. அவசரத்தில் பாசியைச் சுரண்டாமலே பூச்சடித்தோம். முதல் மழையிலேயே பாதி உரிந்துபோயிற்று. எதிர் வீட்டு அம்மாள் மாடியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறு ஆண்டு சுரண்டி, கழுவி, காயவிட்டு அடித்தோம். அப்போதும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மதியம் படியேறி வந்து, வெறுங்காலுடன் நம் தளத்தில் சிறிது நேரம் நின்றார். “இந்த வெயிலில் என் மாடியில் இப்படி நிற்க முடியாது, தம்பி” என்றார். அந்த வாரமே நம் மேஸ்திரிக்கு அவர் வீட்டிலும் வேலை கிடைத்தது. இப்போது அதே மேஸ்திரி பிற வீடுகளில், “வெள்ளை அடிக்காமல் யாராவது தளத்தை விடுவார்களா?” என்று கேட்பதாகக் கேள்விப்படுகிறோம்.

அந்த எதிர் வீட்டின் மாடியறையில் குடியிருப்பவர்கள் வாடகைக்காரர்கள். கணவர் இரவுப் பணிக்குச் செல்பவர்; பகலில்தான் உறங்க வேண்டும். பூச்சின் பயன் முழுதும் அவர்களுக்கே. செலவு செய்தவரோ வீட்டுக்கார அம்மாள். ‘வாடகையை ஏற்றுவீர்களா?’ என்று நம் இல்லத்தரசியார் கேட்டுவைத்தார். அம்மாள் சிரித்தார், விடை சொல்லவில்லை. அந்தச் சிரிப்பைக் குறித்து நம் வீட்டில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

இரண்டு தெரு தள்ளி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் மாடியில் சோலார் தகடு போட்டிருக்கிறார். ஞாயிறு திருப்பலி முடிந்து வருவோரை வாசலில் நிறுத்தி மின்கட்டண அட்டையைக் காட்டுவார். சென்ற வாரம் நம்மையும் மாடிக்கு அழைத்துச் சென்றார். காகம் எச்சமிடுவதையும், பதினைந்து நாளுக்கொரு முறை தாமே ஏறிக் கழுவ வேண்டியிருப்பதையும், கார்த்திகை மாதத்து மேகமூட்டத்தில் மின்சாரம் குறைந்துபோவதையும், மானியம் கைக்கு வரும்வரை அலைந்த கதையையும் அரை மணி நேரம் சொன்னார். தகட்டின் கால்களைத் தளத்தைத் துளைக்காமல் கான்கிரீட் கட்டைகளில் நிறுத்தியிருந்ததையும் காட்டினார். இவ்வளவு குறை சொல்பவர் பொய் சொல்ல மாட்டார் என்று திரும்பும் வழியில் நம் இல்லத்தரசியார் கூறினார். அடுத்த ஞாயிறு மேஸ்திரியையும் உடன் அழைத்துக்கொண்டு மறுபடி அந்த மாடிக்குச் செல்வதாக இருக்கிறோம்.